பிக்-அப் வண்டிக்கு ஃபோர் வீல் டிரைவ் எவ்வளவு தேவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடி, கம்பம், குமுளி வட்டாரத்தில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள், அங்கே சரக்கு ஓட்டுபவர்கள், மலைப்பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிவிட்டு முதல் பிக்-அப் தேடுபவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பலர் தேவையில்லாத சாமானுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, தேவையான டயருக்குக் காசில்லாமல் நிற்கிறார்கள். அதைத் தவிர்க்க உதவினால் போதும்.

"ஃபோர் வீல்னா நாலு சக்கரமும் எப்பவுமே இழுக்குமா?"

இல்லை. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்-அப்களில் இருப்பது, தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஃபோர் வீல். சாதாரணமாக ஓட்டும்போது பின் சக்கரங்கள் இரண்டுதான் இழுக்கும். குமிழைத் திருப்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி வழியாக முன் சக்கரங்களுக்கும் சக்தி போகும்.

ஆக, ஃபோர் வீல் வாங்கியவரும் வருஷத்தில் பெரும்பகுதி டூ வீல் வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஃபோர் ஹை, ஃபோர் லோன்னு ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதாதா?"

இரண்டும் வேறு வேறு வேலை. ஃபோர் ஹை என்பது பிடிப்புக்காக. சேறு, ஈரப்புல், சரளை மண் என்று சக்கரம் வழுக்கும் இடத்தில் ஓரளவு வேகத்துடனேயே போகலாம். ஃபோர் லோ என்பது இழுவைக்கும் நிதானத்துக்கும். அதைப் போட்டால் கியர் விகிதம் இன்னும் சுமார் 2.5 மடங்கு இறங்கும். வண்டி நடை வேகத்தில் ஊரும், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அதே அளவு கூடும்.

மலைத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு என் கணக்கில் ஃபோர் லோதான் பெரிய சொத்து. கிளட்ச்சைத் தேய்க்காமல் செங்குத்து ஏற்றத்தில் கல் கல்லாக ஏறலாம், அதே வழியில் பிரேக்கைச் சுட வைக்காமல் இறங்கலாம். நாலு சக்கரமும் இழுக்கும் சில எஸ்யூவிகளில் ஃபோர் லோ கிடையாது. "ஃபோர் வீல் இருக்கு" என்று விற்பவர் சொன்னால், லோ ரேஞ்ச், அதாவது ஃபோர் லோ, இருக்கிறதா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

"அண்ணே, போடிமெட்டு ஏற ஃபோர் வீல் இல்லாம முடியுமா?"

தாராளமாக முடியும். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. மூன்றிலும் பேருந்தும் லாரியும் தினமும் ஏறி இறங்குகின்றன, எல்லாம் பின் சக்கர இழுவைதான். வளைவு எத்தனை இருந்தாலும் தார் ரோடு தார் ரோடுதான்.

அங்கே பிக்-அப் ஓட்டுபவருக்கு வரும் சிரமம் வேறு, வண்டியின் நீளம். ஹைலக்ஸும் வி-கிராஸும் 5.3 மீட்டர் அளவுக்கு நீளமானவை, திரும்புவதற்கான ஆரமும் ஆறு மீட்டருக்கு மேல். குறுகலான வளைவில் எதிரே லாரி நின்றால் ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்க வேண்டி வரலாம். இதை ஃபோர் வீல் தீர்க்காது, கை பழக்கம்தான் தீர்க்கும்.

"அப்போ யாருக்குத்தான் ஃபோர் வீல் வேணும்?"

தார் ரோடு முடியும் இடத்திலிருந்து உங்கள் கேட் வரைக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் கணக்கில் வராது. நெடுங்கண்டம், சாந்தம்பாறை பக்கம் பல தோட்டங்களுக்குக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் மண் பாட்டை. வெயில் காலத்தில் அதில் ஆட்டோகூட வரும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அதே செம்மண் ஏற்றத்தில் டூ வீல் பிக்-அப் பாதியில் நின்று பக்கவாட்டில் சரியத் தொடங்கும்.

அதனால் நிலத்தையோ வண்டியையோ முடிவு செய்யும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஜூலையில், நல்ல மழை பெய்த மறுநாள், அந்தப் பாட்டையில் நடந்து போய்ப் பாருங்கள். உங்கள் செருப்பு வழுக்குகிறதா? ஏற்றம் நேராக இருக்கிறதா, திருப்பத்தோடு சேர்ந்து வருகிறதா? சக்கரம் ஓடக் கான்கிரீட் தடம் போட்டிருக்கிறார்களா? ஓரம் பள்ளமா, மேடா? பக்கத்துத் தோட்டக்காரர் எந்த வண்டியில் வருகிறார்? நடுவில் நின்றால் திருப்ப இடம் உண்டா? பாதிக்கு மேல் மோசமான பதில் வந்தால் லோ ரேஞ்சோடு ஃபோர் வீல் வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். பாட்டையில் கல் பாவியிருந்து, ஏற்றம் மிதமாக இருந்தால் டூ வீலும் நல்ல டயரும் போதும்.

இன்னொன்று: மழை நாளில் நீங்கள் போயே ஆக வேண்டுமா? வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகிறவர் ஒரு நாள் தள்ளிப் போகலாம். பறித்த பச்சைக்காய் காத்திருக்காது, அன்றைக்கே உலர்த்தும் இடத்துக்குப் போக வேண்டும். முன்னவருக்கு ஃபோர் வீல் ஒரு வசதி, பின்னவருக்கு அது தொழில் சாமான்.

"என் பழைய ஸ்விஃப்ட் போன இடத்துல புது பிக்-அப் நிக்குது. ஏன் சார்?"

உங்கள் வண்டியில் குறையில்லை. காலி பிக்-அப்பில் எடை முழுக்க முன்னால் இன்ஜினும் கேபினும் இருக்கும் பக்கம். இழுக்கும் சக்கரமோ பின்னால், வெறும் தொட்டிக்கு அடியில். பாரம் இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. முன் சக்கரம் இழுக்கும் காரில் இன்ஜின் எடையே அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். போதாததற்குப் பிக்-அப்பின் பின் பட்டை ஸ்பிரிங்குகள் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை, காலியாக இருக்கும்போது விறைப்பாகத் துள்ளும், சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

ஈரப்புல்லில் காலி டூ வீல் பிக்-அப் சமதரையிலேயே சுற்றிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே நாலைந்து மூட்டை மணலோ உரமோ வைத்துக் கட்டினால் நிலைமை நன்றாக மாறும். கட்டுவது முக்கியம், கட்டாத மூட்டை பிரேக் அடிக்கும்போது கேபினில் வந்து மோதும். பிக்-அப்புக்கு ஃபோர் வீல் காரைவிட அதிகம் பயன்படுவதற்குக் காரணமே இந்தக் காலி முதுகுதான்.

"டூ வீலும் நல்ல டயரும் நல்லதா, ஃபோர் வீலும் கம்பெனி டயரும் நல்லதா?"

ஏற்றத்தில் ஃபோர் வீல் ஜெயிக்கும். திருப்பத்திலும் பிரேக்கிலும் டயர் ஜெயிக்கும். ஃபோர் வீல் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும் தான் போகிறது. நிறுத்துவது டயருக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள பிடிப்பு.

டயரில் மூன்று வகை கேள்விப்படுவீர்கள். ஹைவே டெரெய்ன் தார் ரோட்டுக்கானது, சத்தம் குறைவு, சேற்றில் அதன் வரிகள் உடனே அடைத்துக்கொள்ளும். ஆல் டெரெய்ன் நடுத்தரம். மட் டெரெய்ன் பெரிய கட்டைகளோடு சேற்றைத் தூக்கி எறியும், ஆனால் ஈரமான தார் ரோட்டில் பிடிப்புக் குறைவு, இரைச்சல் அதிகம், மைலேஜும் குறையும். போடியிலிருந்து தோட்டம் போய்த் திரும்புகிறவரின் ஓட்டத்தில் பெரும்பங்கு தார் ரோடுதான். அவருக்கு ஆல் டெரெய்ன் போதும், கம்பெனி கொடுத்த அதே அளவில். டூ வீல் வைத்திருப்பவர் செய்யும் முதல் செலவும் இதுவாக இருக்கட்டும்.

"காத்தை இறக்கினா சேத்துல ஏறும்னு சொல்றாங்க. எவ்வளவு இறக்கணும்?"

உண்மைதான், காசு செலவில்லாத வித்தை இது. காற்றுக் குறைந்தால் டயர் தரையில் நீளமாகப் படியும், பிடிப்புக் கூடும். வழக்கமாக 32 பிஎஸ்ஐ வைப்பவர் கல் பாட்டைக்கும் ஈர மண்ணுக்கும் 22 முதல் 25 வரை இறக்கலாம். ஆழமான மணலுக்கு 18 வரை போவார்கள். அதற்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு.

இரண்டு நிபந்தனை. பாரம் ஏற்றியிருக்கும்போது பின் டயரில் இதைச் செய்யாதீர்கள். அப்புறம், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று அடிக்க வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். குறைந்த காற்றோடு மலை இறங்கினால் டயர் சூடாகி வெடிக்கும்.

"டிஃப் லாக் கட்டாயமா?"

டிஃபரன்ஷியலின் வேலை, திருப்பத்தில் இடது வலது சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி விடுவது. அதன் பலவீனம், பள்ளம் பார்த்து ஓடும் தண்ணீர் மாதிரி, எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சுழற்சி முழுக்க ஓடிவிடும். ஒரு பின் சக்கரம் காற்றில் தொங்கினால் அது மட்டும் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். ஃபோர் வீல் போட்டாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்காக இரண்டு சக்கரம் தொங்கினால் வண்டி நின்றுவிடும். லாக் போட்டால் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுற்றும்.

ஹைலக்ஸில் பின் டிஃப் லாக் கம்பெனியிலிருந்தே வருகிறது. லாக் இல்லாத புது வண்டிகள் பலவற்றில், சும்மா சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி அடுத்த சக்கரத்துக்குச் சக்தியைத் தள்ளும் மின்னணு ஏற்பாடு உண்டு. தோட்டப் பாட்டைக்கு அதுவே பெரும்பாலும் போதும். ஆழமான குறுக்குப் பள்ளங்கள், பாறை வழி, உளை, இவற்றில் வாராவாரம் போகிறவருக்குத்தான் லாக் தேவை. இருப்பவர்களும் ஃபோர் லோவில், நேராகப் போகும்போது மட்டும் போட்டு, தாண்டியதும் எடுத்துவிட வேண்டும்.

"கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மி.மீ.க்கு மேல இருக்கே, அப்புறம் ஏன் அடி தட்டுது?"

இரண்டு சக்கரத்துக்கு நடுவே தூரம் மூன்று மீட்டருக்கு மேல். மேட்டின் உச்சியில் முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாமல் இருக்கும் நொடியில் வயிறு மண்ணில் படும். பின்னால் தொட்டி நீண்டு கிடப்பதால் பள்ளத்திலிருந்து ஏறும்போது பின் பம்பரும் உரசும். அதே இடத்தை நீளம் குறைந்த பழைய மஹிந்திரா ஜீப் தொடாமல் தாண்டும். இடுக்கிப் பக்கம் ஜீப் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்தக் குட்டை உடம்பு ஒரு பெரிய காரணம். உங்கள் பாட்டையில் மேடு பள்ளம்தான் பிரச்சினை, சரக்கு அதிகமில்லை என்றால், பிக்-அப்பை விட்டுவிட்டு அந்த மாதிரி வண்டி பார்ப்பது மேல்.

மண் வெட்டி இரண்டு இடத்தில் மேட்டைச் சீவிவிட்டால் பல தோட்டங்களில் இந்தப் பிரச்சினையே முடிந்துவிடும். வண்டியை உயர்த்த ஆகும் செலவில் பாட்டையையே சரி செய்யலாம்.

"லிஃப்ட் கிட் போட்டு, பெரிய டயர் மாட்டி, முன்னால இரும்பு பம்பர் வைக்கலாமா? ஆர்டிஓ பிடிப்பாங்களா?"

பிடிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்பக்க இரும்பு கார்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும்போதும் இந்த மாற்றங்கள் குறுக்கே வரும்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் லிஃப்ட் கிட் நினைத்த பலனைத் தருவதில்லை. பிக்-அப்பின் பின்பக்கத்தில் கல்லில் முதலில் இடிக்கும் பாகம் ஆக்ஸில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் ஹவுசிங். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடம்புதான் மேலே போகும், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த பெரிய டயர் மட்டுமே வழி, அதிலோ முன்பு சொன்ன சட்டச் சிக்கல் இருக்கிறது. உயரம் கூடிய வண்டி வளைவில் அதிகம் சாயும், மலைப்பாதையில் தினமும் ஓட்டுகிறவருக்கு அது நல்லதல்ல.

"ஸ்நார்க்கல் போட்டுட்டா தரைப்பாலத்துல தண்ணி போகும்போது தாண்டலாம்தானே?"

கூடாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாரோடும் சமரசம் செய்ய மாட்டேன். ஸ்நார்க்கல் இன்ஜின் மூச்சுவிடும் வாயை உயரத்துக்குக் கொண்டு போகிறது, அவ்வளவுதான். தேங்கிய தண்ணீரில் இன்ஜினுக்குள் தண்ணீர் புகாமல் காக்கும். ஓடும் தண்ணீர் வண்டியைத் தள்ளுவதை அது எப்படித் தடுக்கும்? ஓடும் வெள்ளம் 30 செ.மீ. இருந்தாலே பல கார்கள் மிதக்கும், 60 செ.மீ. இருந்தால் பிக்-அப்பையும் அடித்துக்கொண்டு போகும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. 60 செ.மீ. என்பது முழங்காலுக்குச் சற்று மேல். காலி பிக்-அப்பின் பின்பக்கம் லேசு என்று முன்பே பார்த்தோம், தண்ணீரில் முதலில் நகர்வது அதுதான்.

ஹைலக்ஸுக்கு 700 மி.மீ. ஆழம் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்வது நின்ற தண்ணீரில், கெட்டியான தரையில், மெதுவாகப் போகும்போது. தரைப்பாலத்தில் வெள்ளம் போகும்போது அடியில் பாலம் இருக்கிறதா, பாதி அரித்துப் போய்விட்டதா என்பது மேலிருந்து தெரியாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் ரோடுகளே அறுத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் வடியும் வரை இக்கரையிலேயே இருங்கள்.

"மழையில தார் ரோட்டுலயும் ஃபோர் ஹை போட்டு ஓட்டினா கிரிப் கூடும்னு டிரைவர் சொல்றாரு. சரியா?"

சரியில்லை. இந்த வகை ஃபோர் வீலில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாமல் முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்டிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி பிடித்து இழுப்பது போல இருக்கும், கடைசியில் பாகம் உடையும்.

ஈரத் தார் ரோட்டில் டூ வீலிலேயே வேகத்தைக் குறையுங்கள். அங்கே காப்பாற்றுவது டயரின் ஆழமும், ஈஎஸ்சி என்ற சறுக்கல் கட்டுப்பாடும். வாங்கும்போது ஈஎஸ்சி இல்லாத மாடலில் ஃபோர் வீல் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால், தார் ரோட்டில் கிடைக்கும் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறீர்கள். மண் சரிந்து ரோட்டை மூடிக் கிடக்கும் இடத்தில் மட்டும் ஃபோர் ஹை போட்டுத் தாண்டி, உடனே எடுத்துவிடுங்கள்.

"ஏறிட்டேன். இறங்கும்போது வழுக்குது, என்ன பண்ண?"

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. ஏற்றத்தில் தோற்றால் வண்டி நிற்கும், இறக்கத்தில் தோற்றால் நிற்காது. இறக்கம் தொடங்கும் முன்பே, சமதரையில் நின்று, ஃபோர் லோ, முதல் கியர். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், இன்ஜினே நாலு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு இறக்கும். பிரேக்கை அழுத்திச் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் கேட்காது. பின்பக்கம் பக்கவாட்டில் வரத் தொடங்கினால் பிரேக்கை விட்டு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள், சக்கரம் மறுபடி உருண்டு வண்டி நேராகும். இதை முதலில் சின்ன இறக்கத்தில், பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள்.

"தோட்டத்துச் சரக்கு ஏத்தத்தான் வாங்குறேன். வி-கிராஸா, ஹைலக்ஸா?"

சரக்குதான் முதல் வேலை என்றால் இரண்டும் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். தொட்டியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், சொந்த உபயோகத்துக்குப் பதிவாகும் இந்த வண்டிகளின் பாரத் தகுதி சில நூறு கிலோதான். பொலேரோ பிக்-அப் 1.3 டன், 1.7 டன் என்று பெயரிலேயே பாரத்தைப் போட்டு வருகிறது. வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்குச் சரக்கு ஓட்டவும் முடியாது. மலைக்காடுகளில் பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் மாடலைப் பலர் வைத்திருப்பது இதனால்தான்: சொகுசு குறைவு, ஆனால் ஆளும் ஏறும், பாரமும் ஏறும்.

குடும்பத்தோடு வாராவாரம் மேலே போவது, கொஞ்சம் சாமான், சில உர மூட்டை, மதுரைக்கு நெடும்பயணம் என்று கலவையான தேவை உள்ளவருக்கு வி-கிராஸோ ஹைலக்ஸோ பொருந்தும். ஹைலக்ஸ் 2022-ல் இங்கே வந்தபோது ஃபோர் வீலாக மட்டுமே வந்தது. இசுசுவில் ஹை-லேண்டர் போன்ற டூ வீல் மாடல்களும் உண்டு, விலையில் சில லட்சம் வித்தியாசம். எதை வாங்கினாலும் தொட்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு மலை ஏறுவதை இனியும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

"எங்களுக்குக் கரிசல் காடு, கோவில்பட்டிப் பக்கம். மலையே இல்ல. எங்களுக்கும் ஃபோர் வீல் வேணுமா?"

கரிசல் மண் ஈரமானால் எந்த வண்டிக்கும் அடங்காது. டயரில் அப்பி, மட்கார்டு வரை அடைத்து, சக்கரமே சுற்றாமல் போகும். அங்கே மழைக்கு மறுநாள் வயலுக்குள் போவது டிராக்டரின் வேலை. பிக்-அப்பை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடப்பது உத்தமம். உங்கள் காசை வயல் ஓரப் பாதையில் சரளை கொட்டுவதற்குப் போடுங்கள், டூ வீல் போதும்.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலில் கதை வேறு. அங்கே காற்று இறக்குவதும் ஃபோர் ஹையும் நன்றாக வேலை செய்யும். மணலில் நிறுத்தாமல் சீராகப் போவதும், ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடிக்காமல் இருப்பதும் முக்கியம்.

"வாங்கினா கொழுக்குமலை, மேகமலைக் காட்டுக்குள்ள, தனுஷ்கோடி மணல்லன்னு சுத்தலாமே?"

நினைக்கும் இடத்தில் பாதிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள், அது நியாயமும்கூட. கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப் பிடித்துத்தான் போக வேண்டும். மேகமலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் மணலிலும் தண்ணீரிலும் ஃபோர் வீல் வேன்களில்தான் போனார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தபிறகு எந்தக் காரும் போகிறது. இந்த ஆசை மட்டுமே காரணம் என்றால் வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

"மைலேஜ் குறையுமா? பராமரிப்பு ஜாஸ்தியா?"

டூ வீலில் ஓட்டும்போதும் கூடுதல் எடையைச் சுமப்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும். டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய், முன் டிஃபரன்ஷியல் எண்ணெய் இரண்டும் கூடுதல் செலவு. அதைவிட முக்கியம், ஃபோர் வீலைப் போடாமலே விட்டால் உள்ளே எண்ணெய் பரவாமல் சீல்கள் காய்ந்துவிடும். மாதம் ஒரு தடவையாவது 16 கி.மீ. ஃபோர் வீலில் ஓட்டச் சொல்லி டொயோட்டா கையேடுகள் சொல்கின்றன. அதை மண் ரோட்டில் செய்யுங்கள், தார் ரோட்டில் ஏன் கூடாது என்று மேலே சொல்லிவிட்டேன்.

"மாட்டிக்கிட்டா என்ன சாமான் வேணும்?"

மண் வெட்டி, இரண்டு கெட்டியான பலகை, முறையான இழுவைப் பட்டை ஒன்று, அதைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையமான ஷாக்கிள் இரண்டு, கையுறை, கம்ப்ரசர். கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. சக்கரம் சுற்றத் தொடங்கிய நொடியில் ஆக்ஸிலரேட்டரை விடுவதுதான் முதல் வேலை. சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும். சக்கரத்துக்கு முன்னால் வெட்டி, பலகை வைத்து, காற்று இறக்கிப் பாருங்கள்.

இழுக்கும்போது சேஸிஸில் உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டினால் அது பிய்த்துக்கொண்டு குண்டு மாதிரி வரும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். பட்டை இறுகும்போது பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

"வருஷத்துல நாலஞ்சு நாள்தான் தேவைப்படும். அதுக்குப் போய் இத்தனை லட்சமா?"

அந்த நாலைந்து நாள் என்ன நாள் என்பதைப் பொறுத்தது. தள்ளிப்போடக்கூடிய நாள் என்றால் உள்ளூர் ஜீப்பை வாடகைக்குப் பிடியுங்கள், ஓட்டுபவருக்குப் பாட்டை அத்துப்படி, உங்கள் வண்டியும் அடிபடாது. மேலே வயதானவர்களோ, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) குழந்தைகளோ இருந்து, நடு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு இறக்க வேறு வண்டியே இல்லாத இடம் என்றால், ஒரு நாள் தேவைப்பட்டாலும் ஃபோர் வீல் வாங்கத்தான் வேண்டும்.

"செகண்ட் ஹேண்ட்ல ஃபோர் வீல் வருது. எதைப் பார்த்து வாங்கணும்?"

விற்பவரோடு ஒரு மண் ரோட்டுக்குப் போய் ஃபோர் ஹை போடச் சொல்லுங்கள். மீட்டரில் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் முன் ஆக்ஸில் சேரவில்லை. நின்று ஃபோர் லோ போட்டு மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள், கடகட சத்தம் வரக் கூடாது. நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா பாருங்கள், முன்னும் பின்னும் வேறு வேறு டயர் போட்டு ஃபோர் வீலில் ஓட்டியிருந்தால் உள்ளே தேய்ந்திருக்கும்.

அப்புறம் வண்டியைத் தூக்கி, டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீருக்குள் போன வண்டி. சேஸிஸ் மடிப்புகளில் காய்ந்த வண்டலோ, உப்புத் துருவோ இருந்தாலும் அதுதான் அர்த்தம். அந்த வண்டியை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.